கம்ப்யூட்டரில் ஒரு குடும்ப மரம்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15 என்றால் பென்னிகுவிக் பிறந்த நாள். அநேகமாகப் பொங்கலோடு சேர்ந்தே வரும். பாலார்பட்டியில் அவருக்காகவே பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபத்தில் மாலை போடக் கூட்டம் நிற்கும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-ல் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் என்ற நன்றி, 5 தலைமுறை ஆகியும் குறையவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு என் ஊரான காமயகவுண்டன்பட்டிக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மொபைலில் பென்னிகுவிக் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள், "சித்தப்பா, இவரோட அப்பா பேரு, அண்ணன் பேரு, மகன் பேரு எல்லாம் போட்டிருக்கு" என்றாள். பிறகு என் அப்பாவிடம் திரும்பி, "தாத்தா, உங்க அப்பத்தா பேரு என்ன?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்தார். "அப்பத்தான்னுதான் கூப்பிடுவோம். பேரு யாரு கேட்டா?" என்றார். பெரியப்பாவுக்குப் போன் போட்டோம். அவருக்கும் தெரியவில்லை. சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. எனக்குப் பூட்டி முறையாக வேண்டிய ஒரு மனுஷி, இதே தெருவில் வாழ்ந்து, 3 மகன்களை வளர்த்து, இறந்தும் போயிருக்கிறார். அவர் பெயர் அவரது பேரன்களுக்கே தெரியவில்லை.

காந்திக்குக் கோவில் கட்டிய ஊர் எங்கள் ஊர். வெள்ளைக்கார இன்ஜினீயருக்குப் பொங்கல் வைக்கிற பள்ளத்தாக்கு இது. ஊருக்கு நல்லது செய்தவர்களை மறக்காத நாம், வீட்டில் இருந்தவர்களை எப்படி மறந்தோம்? அன்றிரவே லேப்டாப்பைத் திறந்தேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்பதற்காக, நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கிராம்ப்ஸ் என்ற இலவச சாப்ட்வேர்

வம்சாவளியைப் பதிவு செய்யப் பல புரோகிராம்கள் உள்ளன. நான் தேர்ந்தெடுத்தது கிராம்ப்ஸ். இது முழுக்க இலவசமான ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். தகவல்கள் யாருடைய சர்வருக்கும் போகாது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். குடும்ப விஷயம் என்பதால் இது முக்கியம்.

இன்ஸ்டால் செய்து திறந்தவுடன், பேமிலி ட்ரீஸ் மெனுவில் மேனேஜ் பேமிலி ட்ரீஸ் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். நியூ பட்டனை அழுத்தி உங்கள் மரத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். பின்னர் லோட் பேமிலி ட்ரீ பட்டனை அழுத்தினால் காலியான மரம் தயார். இடது பக்கம் பீப்பிள், பேமிலிஸ், ஈவன்ட்ஸ், பிளேசஸ், சோர்ஸஸ் என்று தலைப்புகள் இருக்கும். பீப்பிள் பகுதியில் கூட்டல் குறியைத் தட்டினால் ஒரு நபரைச் சேர்க்கலாம். இருவரைக் கணவன் மனைவியாக இணைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது பேமிலிஸ் பகுதியில்.

சொந்தக் குடும்பத்தைத் தொடுவதற்கு முன் பழகிக்கொள்ளலாம் என்று, பென்னிகுவிக் குடும்பத்தையே உள்ளிட்டுப் பார்த்தேன். அப்பா பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக். 1849 ஜனவரி 13-ல், இன்றைய பாகிஸ்தானில் உள்ள சில்லியன்வாலா போரில் இறந்தார். அதே போரில் மகன் அலெக்சாண்டரும் 17 வயதில் இறந்தான். அணை கட்டிய ஜான் 1841-ல் புனேயில் பிறந்தவர். போர் நடந்து 2 நாள் கழித்துத்தான் அவருக்கு 8 வயது நிறைந்தது. 1911-ல் காலமானார். அவருடைய மகன் சர் ஜான் பென்னிகுவிக் இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்து 1982-ல் மறைந்தார்.

தாத்தா ஜான், மகன் ஜான், பேரன் ஜான்! தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வீட்டு வழக்கம் மாதிரியே குழப்பம். ஆனால் கிராம்ப்ஸ் குழம்பவில்லை. ஒவ்வொரு நபருக்கும் அது தனி அடையாள எண் கொடுத்துவிடுகிறது. ஒரே பெயரில் 10 பேர் இருந்தாலும் பிரச்னை இல்லை.

அந்தப் பயிற்சி மரத்தை முடித்துவிட்டுப் பார்த்தபோதே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். நான் உள்ளிட்டது எல்லாம் ஆண்கள். மனைவியருக்கான பெட்டிகள் காலியாகவே இருந்தன. அவற்றை நிரப்ப எனக்குத் தோன்றவே இல்லை.

இனிஷியலை எங்கே போடுவது?

இந்த சாப்ட்வேர்கள் எல்லாம் மேல்நாட்டுப் பழக்கத்துக்கு எழுதப்பட்டவை. கிவன் என்ற கட்டத்தில் ஒருவருடைய பெயர், சர்நேம் என்ற கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு இருப்பது இனிஷியல். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

நான் செய்த ஏற்பாடு இது. கிவன் கட்டத்தில் சான்றிதழில் உள்ள பெயர். சர்நேம் கட்டத்தில் இனிஷியலைச் சுருக்காமல் அப்பாவின் முழுப் பெயர். பக்கத்தில் ஆரிஜின் என்ற கட்டத்தில் பேட்ரனிமிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால், இது தந்தை வழிப் பெயர் என்று புரோகிராம் புரிந்துகொள்ளும். நிக்நேம் கட்டத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர். இந்தக் கடைசிக் கட்டத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் தெரியும்.

தேதிகளும் நமக்குச் சிக்கல்தான். பெரியவர்கள் "தாது வருஷம் பிறந்தவர்" என்பார்கள். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். தாது வருஷம் 1876, 1936, 1996 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. எந்தச் சுற்று என்பதை அவருடைய பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்மானிக்கலாம். சரியான தேதி தெரியாவிட்டால் ஆண்டுக்கு முன்னால் அபவுட் என்று சேர்த்து டைப் செய்தால் போதும். உத்தேசம் என்று பதிவாகிவிடும்.

ஊர்ப் பெயரிலும் ஒரு வசதி உண்டு. எங்கள் ஊர் பழைய பத்திரங்களில் மதுரை மாவட்டம். 1996-ல் மதுரையைப் பிரித்துத் தேனி மாவட்டம் அமைத்தார்கள். பிளேசஸ் பகுதியில் ஒரே ஊரை, இந்த ஆண்டு வரை இந்த மாவட்டம், அதன் பிறகு அந்த மாவட்டம் என்று பதிவு செய்ய முடியும்.

சிடியில் கிடந்த பட்டியல்

2003-ல் எங்கள் சித்தப்பா ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். தனக்குத் தெரிந்த சொந்தக்காரர்கள் பெயரை எல்லாம் வேர்டில் டைப் செய்து சிடியில் போட்டு வைத்திருந்தார். ஆசையாகத் திறந்தால் ஒரு வரி கூடத் தமிழ் இல்லை. குழந்தை கீபோர்டில் விளையாடியது போல் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் இருந்தன.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பைல்கள் இருக்கலாம். பயந்து அழித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் பான்ட்டும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளை அடுக்கியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டேம், டேப் என்ற பொது முறைகள் வந்தன. அதற்குப் பிறகும் பழைய பான்ட்கள் ஓயவில்லை. 2010-ல்தான் தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. எனவே அந்தப் பைலில் தகவல் கெடவில்லை. அதைப் படிக்கும் சாவிதான் நம்மிடம் இல்லை.

பான்ட் பெயரை வேர்டிலேயே பார்க்கலாம். எழுத்தின் மேல் கர்சரை வைத்தால் மேலே பான்ட் பெட்டியில் தெரியும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, எழுத்துரு மாற்றி ஒன்றில் அந்த முறையைத் தேர்வு செய்து, வரிகளை ஒட்டினால் யுனிகோட் தமிழாக மாறிவிடும். என்னிடம் பழைய என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருந்தது. அதில் 5 நிமிட வேலை. இனி எதை டைப் செய்தாலும் யுனிகோடில் மட்டுமே செய்யுங்கள்.

சித்தப்பாவின் பட்டியலில் 140 பெயர்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். அதில் பெண்கள் 31 பேர்தான். அதிலும் பாதி "இன்னார் சம்சாரம்" என்றுதான் இருந்தது.

நோட்டுகளும் பத்திரங்களும்

வட இந்தியாவில் ஹரித்வாருக்குப் போனால் பண்டாக்கள் ஏடு வைத்திருப்பார்கள். யாத்திரை வந்த குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அதில் ஏறியிருக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள வம்சாவளிச் சங்கம் அந்த ஏடுகளை மைக்ரோபிலிம் எடுத்திருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு வேறு விதம். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து முதல் கூலிக் கப்பலான ட்ரூரோ டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை அந்த ஆள்பிடிப்பு நடந்தது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்குவதற்காக எழுதிய அந்தப் பட்டியல்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு வேரைக் காட்டுகிறது. கப்பல் ஏறிப்போன பெண்ணின் பெயர் காகிதத்தில் இருக்கிறது. ஊரிலேயே இருந்த என் பூட்டியின் பெயர் இல்லை.

நமக்கும் ஏடுகள் உண்டு. பெயர்தான் வேறு.

மொய் நோட்டு: எந்த ஊரிலிருந்து எந்த உறவு வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பத்திரம்: "இன்னார் குமாரர் இன்னார்" என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு தலைமுறை இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தால் பத்திர எண்ணும் வருடமும் கிடைக்கும்.

வாக்காளர் பட்டியல்: 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடி அலைந்தது நினைவிருக்கும். வீட்டு எண் வரிசையில் இருப்பதால் ஒரு குடும்பம் முழுக்க அடுத்தடுத்து வரும். வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடலாம்.

ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், ஜாதக நோட்டு: சான்றிதழ்ப் பெயரும் வீட்டுப் பெயரும் வேறு வேறாக இருப்பதை இவைதான் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ, பழைய போட்டோவுக்கு 600 டிபிஐ போதுமானது. ஸ்கேனர் இல்லாவிட்டால் மொபைல் கேமராவே போதும், ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து எடுங்கள். எந்தத் தகவல் எதிலிருந்து கிடைத்தது என்பதை சோர்ஸஸ் பகுதியில் பதியுங்கள். அதில் நம்பகத்தன்மையை மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை குறிக்கலாம். வாய்வார்த்தைக்குக் குறைவாகவும் பத்திரத்துக்கு அதிகமாகவும் கொடுத்தேன். இது சரிதானா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

8 பேர் 6 ஆன கணக்கு

ஒரு வாரத்தில் 212 பேரை உள்ளிட்டேன். என் பெயரை வைத்து முன்னோர் படத்தை எடுத்துப் பார்த்தால், ஒரே தம்பதி 2 இடத்தில் வந்தார்கள். தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். தவறு இல்லை. என் அப்பா கட்டியது தாய்மாமன் மகளை. ஆகவே அப்பாவின் தாய்வழித் தாத்தா பாட்டிதான் அம்மாவின் தந்தைவழித் தாத்தா பாட்டி. எல்லோருக்கும் 8 கொள்ளுத் தாத்தா பாட்டிகள் என்றால் எனக்கு 6 பேர்தான். முறைப்பெண் கல்யாணம் உள்ள எந்தக் குடும்பத்திலும் இந்தக் கணக்கு வரும்.

இதற்கு ரிப்போர்ட்ஸ் மெனுவில் கிராப்ஸ் பிரிவில் உள்ள ரிலேஷன்ஷிப் கிராப் என்பதைப் பயன்படுத்துங்கள். அதில் ஒரு நபர் ஒரு முறைதான் வருவார். கோடுகள் சுற்றி வந்து அவரைத் தொடும். நம் ஊர்க் குடும்பங்களுக்குப் பொருத்தமான படம் இதுதான்.

அந்த 6 பெட்டிகளில் 5 நிரம்பிவிட்டது. பூட்டியின் பெட்டியில் கேள்விக்குறிதான் இருந்தது.

பெயர் கிடைத்தது

ஒரு நாள் டூப்ளிகேட் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, எக்ஸ்போர்ட் கொடுத்து சிஎஸ்வி பைலாக மாற்றி, லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தேன். கிவன் பத்தியை அகர வரிசைப்படுத்தினேன். ஓரிடத்தில் 3 வரிகள் அடுத்தடுத்து ஒரே பெயர். மூன்றும் பெண்கள். ஒருவர் கம்பத்தில் இருக்கும் என் சொந்த அத்தை. இன்னொருவர் போடியில், மற்றொருவர் குமுளியில். மூவரும் அப்பாவுக்கு அக்கா முறை. வீட்டில் பாப்பா, கண்ணு, சின்னப்பொண்ணு என்றுதான் எல்லோரும் அழைப்போம். சான்றிதழ்ப் பெயரை நான் இந்த வேலைக்காகத்தான் ரேஷன் கார்டிலிருந்தும் வாக்காளர் பட்டியலிலிருந்தும் எடுத்தேன்.

படத்தைத் திறந்து பார்த்தேன். தாத்தாவும் அவருடைய 2 தம்பிகளும் ஆக 3 பேர். அந்த 3 பேருக்கும் பிறந்த மூத்த மகள்தான் இந்த மூவரும். மூன்று வீட்டிலும் மூத்த பெண்ணுக்கு ஒரே பெயர் வைக்க ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

கை நடுங்க அத்தைக்குப் போன் செய்தேன்.

"ஆமாடா, அது எங்க அப்பத்தா பேருதான். அதான் எங்கம்மா ஒருநாளும் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. மாமியா பேர மருமக எப்படிச் சொல்லுவா? பாப்பான்னே கூப்பிட்டு அதுவே நெலச்சிருச்சு."

"இத ஏன் அத்தை இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? உங்கப்பனக் கேட்ட, பெரியப்பனக் கேட்ட, சித்தப்பனக் கேட்ட. என்னையக் கேட்டியா?"

பதில் சொல்ல முடியவில்லை. 2 வாரம் கம்ப்யூட்டரில் தேடிய பெயர், 10 நிமிட பஸ் தூரத்தில், என்னைத் தூக்கி வளர்த்த அத்தையிடம் இருந்தது. மரியாதைக்காக வாயால் சொல்லாமல் விட்டதால்தான் அது மறைந்துபோனது. அந்த மரியாதையை வீட்டுப் பெண்கள் காப்பாற்றினார்கள். பெயரையும் அவர்கள்தான் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

பிறகு பழைய பத்திரத்தின் ஸ்கேனை மறுபடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கைநாட்டு, பக்கத்தில் மங்கிய எழுத்து. முன்பு படிக்க முடியாமல் விட்டது. கிம்ப் புரோகிராமில் திறந்து, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் பகுதியில் கருமையைக் கூட்டினேன். இப்போது பெயர் தெரிந்திருந்ததால் படிக்க முடிந்தது. அதே பெயர்தான், அவருடைய பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில்.

சில எச்சரிக்கைகள்

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. உயிருடன் இருக்கும் 3 பேர் அதே பெயரில் இருக்கிறார்கள். உங்களுக்கும் இதையே சொல்வேன். மரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன், எக்ஸ்போர்ட் செய்யும்போது உயிருடன் உள்ளவர்களின் விவரங்களை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பிறந்த தேதியும் அம்மாவின் பெயரும் வங்கிகள் கேட்கும் ரகசியக் கேள்விகள் என்பதை மறக்க வேண்டாம்.

பிற புரோகிராம்களுக்கு மாற்ற வேண்டுமானால் ஜெட்காம் என்ற பொது வடிவத்தில் சேமிக்கலாம். போட்டோக்களோடு சேர்த்து பேக்கப் எடுக்க கிராம்ப்ஸ் எக்ஸ்எம்எல் பேக்கேஜ் சிறந்தது. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு வீட்டில் என்று 3 பிரதிகள் வையுங்கள். சித்தப்பாவின் சிடியே ஓடியது அதிர்ஷ்டம்தான்.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோவிலில் பங்காளிகள் அனைவரும் கூடினோம். ரிலேஷன்ஷிப் கிராப்பைப் பிடிஎப் ஆக்கி, கம்பத்தில் ஒரு கடையில் 6 அடிக்குப் பிரின்ட் போட்டு, பொங்கல் வைக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். ஆண்கள் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள் நகரவில்லை. "இங்க எங்க ஆத்தா பேரு தப்பு", "இவளுக்கு முன்னால ஒரு பிள்ளை பிறந்து செத்துப்போச்சு", "இவ வாக்கப்பட்டது அந்த ஊரு இல்ல" என்று ஆளாளுக்குத் திருத்தினார்கள். அண்ணன் மகள் பேனாவோடு நின்று குறித்துக்கொண்டாள். அன்று ஒரு நாளில் 43 புதிய பெயர்கள் சேர்ந்தன.

அவற்றை இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் சாப்ட்வேரை நிதானமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம், அது எங்கும் போய்விடாது. முதலில் உங்கள் வீட்டின் மிக வயதான பெண்மணிக்குப் போன் போட்டு, அவருடைய அப்பத்தா பெயரையும் அம்மாச்சி பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.